ஆய்வா? சடங்கா?

பட்டமேற்படிப்பின் இறுதிப் பருவத்தில் நம் பிள்ளைகள் நிறைவேற்றும் சடங்கு ஒன்று உண்டு. அதற்கு ஆய்வேடு என்று பெயர். நூறு வினாப்படிவங்கள் அச்சாகும். அவற்றுள் பாதி மாமி வீட்டிலும் சாச்சா வீட்டிலும் நிரப்பப்படும். மறுபாதி எங்கே நிரப்பப்பட்டது என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். பிறகு கணினி நிலையத்தார் அட்டவணைகளைப் போட்டுத் தருவர். பொன்னெழுத்து பொறித்த கெட்டி அட்டைக்குள் அது கட்டப்படும். தேர்வாளர் புரட்டிப் பார்த்து இரண்டு வினாக்கள் தொடுப்பார், பிள்ளை தலையசைக்கும், பட்டம் கிடைத்துவிடும். ஆய்வேடு நூலகத்து அலமாரியில் அடக்கம் செய்யப்படும்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெற்றோரும் கேட்கிறார்கள், வெட்கத்தைவிட்டுச் சொன்னால், ஆசிரியர்களிலும் சிலர் கேட்கிறார்கள். நட்டம் உண்டு, சகோதரர்களே! அந்த நட்டத்தை ஓர் ஊருக்கு விளைவித்தவர்களுள் ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என்னை நல்லவனாகக் காட்டிக்கொண்டு பிறருக்கு உபதேசம் செய்ய இக்கட்டுரையை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓர் இரவின் கணக்கு

பல்லாண்டுகளுக்கு முன், நான் மாணவனாயிருந்தபோது, எங்கள் கடற்கரை ஊரில் பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்துவது ஏன் என்பதை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டேன். நல்ல பொருள்தான். வழிகாட்டியாயிருந்த பேராசிரியர், படிவம் நூறு இருக்க வேண்டும் என்றார். அது ஏன் நூறு, எந்த நூறு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மேசைமுன் அமர்ந்து வினாப்பட்டியலைத் தயாரித்தேன். படிப்பு நின்றதற்குக் காரணம் என்ன என்ற வினாவுக்கு நான்கு விடைகளை நானே எழுதிக் கட்டமிட்டேன்: வறுமை, பெற்றோருக்கு விருப்பமின்மை, திருமணம், பிள்ளைக்கு ஆர்வமின்மை. எந்த வீட்டையும் மிதிக்காமல், எந்தத் தாயிடமும் ஒரு சொல் பேசாமல், உலகத்தில் இருக்கக்கூடிய காரணங்கள் இந்த நான்குதாம் என்று இருபத்திரண்டு வயதில் நான் தீர்மானித்துவிட்டேன்.

தெருத் தெருவாகச் சென்று 61 படிவங்களைச் சேர்த்தேன். பிறகு கால் வலித்தது, சலித்தது, நாளும் நெருங்கியது. எஞ்சிய 39 படிவங்களை ஒரே இரவில் மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி நானே நிரப்பினேன். கைக்கு வந்த படிவங்களில் பெரும்பாலானோர் இரண்டாம் கட்டத்தில் குறியிட்டிருந்தனர். ஆகவே நானும் அதிலேயே மிகுதியாகக் குறியிட்டேன். பெற்றோருக்கு விருப்பமில்லாமையே முதற்காரணம் என்று என் அட்டவணை அறிவித்தது. எனக்கு முதல் வகுப்பு கிடைத்தது.

ஆறேழு ஆண்டுகள் கழித்து எங்கள் ஜமாஅத் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ஊரில் உயர்நிலை வகுப்புகளைத் தொடங்க ஜமாஅத் முயலவேண்டும் என்று சிலர் கோரினர். அப்பொழுது மேடையிலிருந்த பெரியவர் ஒருவர், நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் ஆய்வு செய்து எழுதியிருப்பதாகவும், பெற்றோருக்கே விருப்பமில்லாதபோது வகுப்புகளைத் திறந்து என்ன பயன் என்றும் கேட்டார். கூட்டம் அடங்கிவிட்டது. 'ஆய்வு' என்ற சொல்லுக்கு அத்தனை வலிமை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து பேச எனக்கு வாயில்லை.

அன்றிரவு எங்கள் தெருவில் ஒரு மாமியிடம் இதைச் சொன்னேன். அவர் வீட்டுப் படிவம் நான் நேரில் சென்று வாங்கிய 61-இல் ஒன்று. "எங்களுக்கு விருப்பமில்லைன்னு யாரு தம்பி சொன்னா?" என்று கேட்டார். "மாமாதானே குறி போட்டுக் கொடுத்தார்கள்?" என்றேன். மாமி சிரித்தார். "இல்லாமைன்னு போடச் சொல்றியா? இந்தத் தெருவுல வளர்ந்த பையன் நீ. உன் கையில அதை எழுதிக் கொடுப்பாரா அவரு? ஒம்பதாங் கிளாசுக்கு ரெண்டு பஸ் மாறிப் போகணும். திரும்பி வர்ற பஸ் மஃரிபுக்குப் பொறவுதான் வரும். வயசுக்கு வந்த புள்ளையை எப்படி அனுப்புறது? உன் தாள்ல அதுக்கு எடமில்லை. அதனாலதான் விருப்பமில்லைன்னு போட்டாக."

அந்தச் சொற்களை நான் மறக்கவில்லை. பொய்யாக நிரப்பிய 39 மட்டுமல்ல, மெய்யாக வாங்கிய 61-உம் பொய்யாகிப்போனது எதனால் என்பதை ஒரு பேராசிரியரும் எனக்குக் கற்பிக்கவில்லை. எழுதப்படிக்கத் தெரியாத அந்த மாமி கற்பித்தார். தகப்பனின் மானம் ஒரு கட்டத்தை மறைத்தது. பேருந்தின் நேரத்துக்குக் கட்டமே இல்லை. கேட்டறியாமல் எண்ணியது முதற்குற்றம்; எண்ணாமலேயே எண்ணியதாக எழுதியது பெருங்குற்றம். இவ்விரண்டும் சேர்ந்து, படித்திருக்கக்கூடிய பெண்பிள்ளைகள் சிலரின் படிப்பைத் தடுத்தன. இதற்கு நான் நாளை மறுமையில் பதில் சொல்லியாக வேண்டும்.

இரு கட்சியார்

இன்று கல்லூரிகளில் ஆய்வு முறை என்ற பாடம் நடத்தப்படும்போது மாணவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்பதைக் காண்கிறோம். அளவைசார் ஆய்வு என்பார் ஒரு சாரார். பண்புசார் ஆய்வு என்பார் மறுசாரார். முன்னவர் எண்ணிக் கணக்கிடுவர். பின்னவர் நேர்காணலும் உடனிருந்து நோக்கலும் செய்வர். இரண்டும் கல்வியே. ஆனால் இரண்டையும் நம் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் விதம் இருக்கிறதே, அதைத்தான் கண்டிக்கிறேன்.

எண் கட்சியில் சேர்பவர் பலர் எண்ணை மதித்துச் சேரவில்லை; மனிதரோடு பேச அஞ்சிச் சேர்கின்றனர். படிவத்தைக் கொடுத்தோம், வாங்கினோம், கணினியில் ஏற்றினோம், பொத்தானை அழுத்தினோம் என்று வேலை முடிந்துவிடுகிறது. கை வர்க்கச் சோதனை என்ன சொல்கிறது, ஒட்டுறவு என்றால் என்ன, ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவது ஒன்றால் மற்றொன்று விளைந்தது ஆகுமா என்று கேட்டால் விழிக்கின்றனர். கடற்கரை ஊர்களில் குடை விற்பனை கூடும் மாதத்தில் மீன்வரத்து குறைகிறது என்றால், குடையால் மீன் ஓடிற்று என்று எழுதக்கூடிய ஆய்வேடுகளை நான் கண்டிருக்கிறேன்.

சொல் கட்சியில் சேர்பவர் பலர் மனிதரை மதித்துச் சேரவில்லை. கணக்குக்கு அஞ்சிச் சேர்கின்றனர். தெரிந்த இருவரைக் கண்டு ஒரு மாலைப்பொழுது பேசிவிட்டு, தமக்கு முன்பே இருந்த கருத்துக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் எடுத்துக் கோத்து, அதற்குப் பண்புசார் ஆய்வு என்று பெயரிடுகின்றனர். அந்த முறையில் மெய்யாக உழைத்தவர் எப்படி உழைத்தார் என்று தெரிந்தால் இவர்கள் நாணுவார்கள். எம். என். சீனிவாஸ் 1948-இல் மைசூர்ப் பகுதியில், தம் எழுத்தில் 'ராம்புரா' என்று பெயரிட்ட சிற்றூரில் தங்கி, அங்குள்ள உழவர்களோடு பழகி, நாள்தோறும் குறிப்பெடுத்தார். 1970-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் அவர் இருந்தபோது வைக்கப்பட்ட தீயில், அக்குறிப்புகளைக் கொண்டு பல்லாண்டு உழைத்து உருவாக்கிய கோப்புகள் எரிந்தன. நினைவையே பெரிதும் துணைக்கொண்டு அவர் எழுதிய நூல் 1976-இல் வெளிவந்தது. பேச்சுக்குப் பேச்சு, முகத்துக்கு முகம் மனத்தில் ஊன்றும்படி கண்டவராயிருந்ததால் அது இயன்றது. ஒரு மாலைப்பொழுது பேசியவருக்கு எரிந்தால் என்ன மிஞ்சும்?

ஆக, இவ்விரு கட்சியாரும் முறையைத் தேரவில்லை. தத்தம் அச்சத்துக்குப் புகலிடம் தேடிக்கொண்டனர். எத்தனை என்று அறிய எண்ணவேண்டும். ஏன் என்று அறியக் கேட்கவேண்டும். எது தேவை என்பதை வினாவே முடிவு செய்யவேண்டும். மாணவரின் சோம்பல் முடிவு செய்யக்கூடாது.

முன்னோர் பெருமையும் நம் வெறுமையும்

மூன்றாவதாக ஒரு சாராரும் உண்டு. "இவையெல்லாம் மேனாட்டார் வித்தை, நமக்கெதற்கு?" என்பர். இவர்களுக்கு மறுமொழி நம் வரலாற்றிலேயே இருக்கிறது.

973-இல் குவாரிஸம் நாட்டில் பிறந்த அபூரைஹான் அல்பீரூனி, இன்று பாகிஸ்தானத்துப் பஞ்சாபில் இருக்கும் நந்தனா என்ற மலைக்கோட்டையில் நின்று, மலையின் உயரத்தையும் தொடுவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தையும் அளந்து, அவற்றிலிருந்து பூமியின் ஆரத்தைக் கணித்தார். அவர் கண்ட அளவு இன்றைய அளவுக்கு வியக்கத்தக்க நெருக்கமுடையது. அதே அல்பீரூனிதான் வடமொழியைக் கற்று, பண்டிதர்களோடு அமர்ந்து, அவர்களின் நூல்களைப் படித்துக் கேட்டு, ஏறத்தாழ 1030-இல் இந்தியாவைப் பற்றிய பெருநூலை எழுதினார். கண்ணாற் காண்பதற்கும் காதாற் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை எடைபோட்டுக்கொண்டேதான் அந்நூலை அவர் தொடங்குகிறார். தம் சமயத்தினர் அல்லாதாரை இகழ்வதற்காகவன்றி, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும்படியே பதிவதற்காக எழுதுவதாகத் தம் நோக்கத்தையும் தெளிவாக்கினார். கோணமானியைப் பிடித்த கையே ஏட்டையும் பிடித்தது. அவரிடம் எந்தக் கட்சி என்று யார் கேட்பது?

1377-இல் தம் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், முன்னைய வரலாற்றாசிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தெழுதிய எண்களை அந்நூலின் தொடக்கத்திலேயே கண்டித்தார். மூஸா நபி (அலை) அவர்களின் படையில் 6 லட்சம் பேர் இருந்ததாக மஸ்ஊதி முதலியோர் எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்தனை பெரும்படையை ஒரு போர்க்களத்தில் அணிவகுக்க இயலுமா, அந்நாடு அதற்கு உணவளிக்குமா, இடைப்பட்ட சில தலைமுறைகளில் ஒரு குலம் அவ்வளவு பெருகுமா என்று வரிசையாக வினவினார். எண்ணைக் கண்டால் அஞ்சுவதும் தவறு. எண்ணைக் கண்டதும் பணிவதும் தவறு என்பதை அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டியவர் அவர்.

நம் ஹதீஸ் கலை அறிஞர்களின் உழைப்பை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. சொன்னவர் யார், யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, நினைவாற்றலும் நேர்மையும் உடையவர்களா, வேறு வழியாகவும் அச்செய்தி வந்துள்ளதா என்று ஒவ்வோர் அறிவிப்பையும் உரசிப் பார்த்தனர். தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின் வருந்த நேராதபடி அதைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் 6-ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. எங்கள் ஜமாஅத் மண்டபத்தில் நடந்தது அதுவன்றோ? என் செய்தியை எவரும் விசாரிக்கவில்லை, தீங்கு நேர்ந்தது, வருத்தம் பின்னால் வந்தது.

நிற்க. ஹதீஸ் கலையே புள்ளியியல் என்றோ, இன்றைய ஆய்வு முறைகள் அனைத்தும் நம்மிடமிருந்தே போயின என்றோ நான் சொல்லவில்லை. மீலாது மேடைகளில் அவ்வாறு முழங்குவோர்மீதும் எனக்கு வழக்குண்டு. அல்பீரூனியின் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் ஆய்வேட்டை விலைகொடுத்து எழுதி வாங்கும் சமுதாயத்துக்கு அல்பீரூனியால் என்ன பயன்? பாட்டனார் வாள்வீரர் என்பதால் பேரனின் கைத்துரு அகன்றுவிடுமா?

எண் எங்கே காக்கும், எங்கே ஏய்க்கும்

எண்ணுவதன் அருமையை உணர ஒரு சான்று போதும். நம் நாட்டு முஸ்லிம்கள் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் மத்ரஸாவுக்கே அனுப்புகின்றனர் என்பது நெடுங்காலம் எங்கும் ஒலித்த பேச்சு. பத்திரிகைகள் எழுதின, தலைவர்கள் பேசினர், நம்மவரும் தலைகுனிந்து ஒப்புக்கொண்டனர். 2005-இல் அமைக்கப்பட்டு 2006-இல் அறிக்கை தந்த நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு கணக்கெடுத்துப் பார்த்தது. பள்ளி செல்லும் வயதுடைய முஸ்லிம் குழந்தைகளில் மத்ரஸாவில் பயில்வோர் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே என்று கண்டது. ஆயிரம் மேடைகளின் கூச்சலை ஒரு எண் அடக்கிற்று. அந்த எண் இல்லையேல் நாம் இன்னமும் செய்யாத குற்றத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்போம். தமிழ்நாட்டில் 2007-இல் கிடைத்த 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீட்டுக்காக வாதாடியவர்களுக்கும், வெறும் முறையீட்டைக் காட்டிலும் கணக்கே துணைநின்றது.

ஆயினும் அதே எண் ஏய்க்கவும் வல்லது. 2001-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இந்திய முஸ்லிம்களில் எழுத்தறிந்தோர் 59.1 விழுக்காடு, நாட்டின் மொத்தச் சராசரி 64.8. ஆனால் தமிழ்நாட்டு முஸ்லிம்களிடையே அது 80-ஐத் தாண்டி, மாநிலச் சராசரியைவிட மிகுந்திருந்தது. முதல் எண்ணைக் கேட்டுத் தமிழ் முஸ்லிம் அழுவதும் பிழை. பின்னதைக் கேட்டு மகிழ்ந்து படுத்துவிடுவதும் பிழை. ஏழு வயதுக்கு மேற்பட்டவர் ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து எழுதப்படிக்க இயன்றால் அவர் எழுத்தறிந்தவர். கணக்கெடுப்பின் இலக்கணம் அவ்வளவே. பன்னிரண்டாம் வகுப்பை முடிக்குமுன் கடவுச்சீட்டு வாங்கி வளைகுடா விமானம் ஏறிய இளைஞனும் அந்தக் கணக்கில் எழுத்தறிந்தவனே. அவன் ஏன் ஏறினான் என்பதற்கு அந்த அட்டவணையில் இடமில்லை. அதை அவன் உம்மாவிடம்தான் கேட்கவேண்டும்.

யாரை எண்ணுகிறோம் என்பது அதனினும் முக்கியம். 1936-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பிக் கருத்துக் கேட்டது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்று அது அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவுகளிலிருந்தும் முகவரிகளை எடுத்ததால், அந்த வறுமைக் காலத்தில் வசதியுடையாரே பெரிதும் சிக்கினர். அவர்களிலும் விடையனுப்ப மனமுள்ளவரே அனுப்பினர். அதைவிட மிகச் சிறிய தொகையினரிடம், ஆனால் ஆய்ந்து தேர்ந்து கேட்ட காலப் என்பவர் முடிவைச் சரியாகச் சொன்னார். இரண்டாண்டுகளில் அவ்விதழ் மறைந்தது.

நகைக்கவேண்டா, சகோதரர்களே! வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வெளிவருவோரிடம் படிவத்தை நீட்டி, 'ஊர் மக்களின் கருத்து' என்று எழுதும் நம் மாணவர் செய்வதும் அதுவே. அந்த வாசலில் பெண்கள் இல்லை, வெளிநாட்டிலிருப்போர் இல்லை, கடைக்காவலாகப் பின்தங்கிய வேலைக்காரப் பையன்கள் இல்லை. ஜமாஅத்தின் தலைக்கட்டுப் பதிவேட்டிலிருந்து சீட்டுக் குலுக்கி வீடுகளைத் தேர்ந்தெடுப்பது இதனினும் நன்று. ஆயினும் அப்பதிவேட்டிலும் வரி கட்டும் குடும்பங்களே இருக்கும். வாடகைக்குக் குடிவந்த ஏழைகளும், ஆண்துணையற்ற விதவைகளும் விடுபட்டிருக்கக்கூடும். யார் விடுபட்டார் என்று தேடிப் பார்ப்பவனே ஆய்வாளன்.

வினாவின் சொற்களும் ஏய்க்கும். காயல்பட்டினத்தில் வீடு மகளுக்கு உரியதாவதும், மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதும் நெடுங்கால வழக்கம். அங்கே ஒரு மாணவர் சென்று, "குடும்பத் தலைவர் யார்? வீடு யார் பெயரில்?" என்று ஊர்ப்பொதுப் படிவத்தை நீட்டினால், முதல் வினாவுக்குக் கொழும்பிலோ சென்னையிலோ வாணிபம் செய்யும் ஆணின் பெயரும், இரண்டாவதற்கு வீட்டிலிருக்கும் பெண்ணின் பெயரும் வரும். பெண்களுக்குச் சொத்துரிமை மிகுந்த ஊர் என்று ஒருவர் எழுதலாம். பெண்களுக்குத் தலைமையில்லாத ஊர் என்று மற்றொருவர் எழுதலாம். இரண்டும் அதே படிவத்திலிருந்து! அந்த வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்பது, திண்ணையைத் தாண்டி உள்ளே சென்று பேசக்கூடிய ஒரு பெண் ஆய்வாளருக்கே தெரியவரும். நம் பெண்பிள்ளைகளை இக்கல்விக்கு அனுப்பவேண்டிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

எப்படிக் கற்பது?

குறைசொல்லி நிறுத்துவது எளிது. ஆதலின் செய்யவேண்டியதையும் சொல்கிறேன்.

முதலில் படிவமின்றி நடந்து செல்லுங்கள். பத்து வீடுகளில் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்லும் காரணங்களை அவர்களின் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகே வினாக்களைத் தொகுங்கள். தொகுத்த வினாக்களைச் சிலரிடம் வெள்ளோட்டம் விட்டுப் பார்த்துத் திருத்துங்கள். தந்தையிடம் நேரில் கேட்டால் மானம் தடுக்கும் வினா எது, தாயிடம் தனியே கேட்கவேண்டிய வினா எது என்று பிரித்தறியுங்கள். வீடுகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுங்கள். கதவு சாத்தியிருந்தால் அடுத்த வீட்டுக்குத் தாவாமல் திரும்பத் திரும்பச் செல்லுங்கள். மறுத்தவர் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள்.

எண்ணி முடித்தபின், எதிர்பாராத எண் ஒன்று தென்பட்டால் அதை மறைக்காமல் மீண்டும் அந்த வீடுகளுக்குச் சென்று விளக்கம் கேளுங்கள். கேட்பதில் தொடங்கி, எண்ணுவதில் நடந்து, மீண்டும் கேட்பதில் முடிவதே முழுமையான ஆய்வு. எனக்கு அந்த மாமி சொன்ன பேருந்துக் காரணம் முதல் வாரத்திலேயே கிடைத்திருக்கும். பிறகு எத்தனை வீடுகளில் அது காரணம் என்று எண்ணிச் சொல்லியிருக்கலாம். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஜமாஅத் பெரியவர்கள் போக்குவரத்து அலுவலகத்தின் படியேறியிருக்கலாம். ஒரு மாமியின் சொல் மட்டுமாயின் அலுவலர் கேட்கமாட்டார். ஓர் எண் மட்டுமாயின் எதைக் கேட்பதென்றே நமக்குத் தெரியாது.

நேர்மையைச் சரிபார்க்கவும் வழிகள் உண்டு. கல்கத்தாவில் 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ், வங்கத்தின் சணல் பயிரை மாதிரிமுறையில் அளந்தபோது, ஒரே பகுதிக்குத் தனித்தனிக் குழுக்களை அனுப்பி, அவர்கள் தனித்தனியே கொண்டுவந்த கணக்குகளை ஒப்பிட்டார். வேறுபாடு மிகுந்தால் பிழை எங்கேயோ உண்டு என்று புலப்படும். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்புக்கும் அவரே வித்திட்டார். ஒரு கல்லூரியில் இரண்டு மாணவர்கள் ஒரே தெருவை ஒருவரையொருவர் அறியாமல் ஆய்ந்தால், மூன்று பேனாக்களின் மாயம் நொடியில் வெளிப்பட்டுவிடும். எங்கள் காலத்தில் அதைச் செய்திருந்தால் நான் பிடிபட்டிருப்பேன். பிடிபட்டிருந்தால் எனக்கும் ஊருக்கும் நன்மையாயிருந்திருக்கும்.

இன்றைய நிலை அன்றையதினும் இடரானது. 39 படிவங்களுக்கு நான் ஓர் இரவு கண்விழிக்க வேண்டியிருந்தது. இன்று கணினிச் செயலியிடம் கேட்டால், வாழாத மனிதர்களின் நேர்காணல்களை, அழுகையும் சிரிப்புமாக, நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். பொய்க்கு உழைப்பே தேவையில்லாத காலத்தில், மெய்க்கு உழைப்பவனின் நேர்மை ஒன்றே எஞ்சும் அரண். அளவையில் மோசடி செய்வோருக்குக் கேடு என்று எச்சரித்துத் தொடங்கும் ஓர் அத்தியாயமே, சூரத்துல் முதஃப்பிஃபீன், நம் திருமறையில் உண்டு. அது தராசுக் கடைக்காரருக்கு மட்டும் என்று நினைத்துவிட்டோமோ? விழுக்காடும் ஓர் அளவைதான். இல்லாத ஆளை எண்ணுவதும் இருக்கும் ஆளை விடுவதும் எடைக்கல்லைக் குறைப்பதே.

ஜமாஅத்துகளுக்கு ஒரு சொல்

மாணவரை மட்டும் குறைகூறல் நீதியன்று. அந்த மேடையில் இருந்த பெரியவர், என் ஆய்வேட்டைக் கையில் எடுத்து, "எந்தெந்த வீட்டில் கேட்டாய்? எப்படிக் கேட்டாய்?" என்று இரண்டே வினாக்களை என்னிடம் கேட்டிருந்தால் உண்மை அன்றே வெளிவந்திருக்கும். தமக்கு வசதியான முடிவு வந்ததும் விசாரணை தேவையற்றுப் போயிற்று.

நம் ஜமாஅத்துகளில் திருமணப் பதிவேடு இருக்கிறது. ஜனாஸாக் குறிப்பு இருக்கிறது. ஜகாத் கணக்கு இருக்கிறது. பெண்களின் மணவயது எப்படி மாறிவருகிறது, எத்தனை வீடுகள் ஆண்டுதோறும் உதவிக்கு வருகின்றன, உதவி பெற்ற குடும்பம் பிறகு எழுந்ததா என்பனவெல்லாம் அந்தத் தாள்களில் உறங்குகின்றன. பெயர்களை மறைத்து அவற்றை நம் மாணவர்களிடம் கொடுங்கள். ஒருவர் துன்பத்தை மனந்திறந்து சொன்னால் அது அமானிதம். அவர் பெயர் வெளிப்படாமல் காப்பது ஆய்வாளரின் கடமை என்பதையும் கற்பியுங்கள். ஆய்வு முடிந்ததும் அதை அலமாரிக்கு அனுப்பாமல், விடை சொன்ன மக்கள் முன்னிலையில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "அப்படியில்லை தம்பி" என்று ஒரு மாமி எழுந்து சொல்வாராயின், அவரைவிடச் சிறந்த தேர்வாளர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்கமாட்டார்.

பெற்றோர்களே! பிள்ளை எத்தனை மதிப்பெண் வாங்கினான் என்று கேட்கிறீர்கள். அவன் எத்தனை வீட்டுப் படியேறினான் என்றும் ஒருமுறை கேளுங்கள். மாணவர்களே! உங்கள் பேனாவில் விழும் ஒவ்வொரு குறிக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது. நீங்கள் எழுதுவதை என்றோ ஒருநாள் யாரோ ஒரு மேடையில் எடுத்துப் படிப்பார்கள். அன்று கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்காரும் நிலை உங்களுக்கு நேர வேண்டா.

அறிந்ததை அறிந்ததென்றும், அறியாததை அறியாததென்றும் எழுதும் நேர்மையை வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக! எனக்கும் பிழை பொறுத்தருள்வானாக! ஆமீன்.